ஒற்றைச் சட்டி ஞாயிறு

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு வாரம் நான் ஜெர்மனியில் உத்தியோகம் பார்த்தேன். பாஸ்போர்ட் எதுவும் தேவைப்படவில்லை. சித்தூருக்கு வெளியே, வேலூர் ரோட்டை ஒட்டி இருந்த எங்கள் தெருவையே ஜெர்மனி ஆக்கிவிட்டார் எங்கள் சோசியல் மேடம்.

எங்கள் தெருவில் இருபது வீடு இருந்தால் அதிகம். எல்லோரும் எல்லை ஓரத்துக் கிராமங்களிலிருந்து வந்த தமிழ் ஜனங்கள். முன்பு அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள், இப்போது மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். தெலுங்கு எழுத்து அவளுக்கு வெறும் சுழி. ஆட்டோ ஓட்டுகிற அப்பா, எங்கள் வழக்கத்தில் நைனா, இரண்டையும் படிப்பார், ஆனால் எதையும் படிக்க உட்கார மாட்டார்.

மேடம் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நடத்துகிற ஆள் இல்லை. யுத்தம், தேதி எல்லாம் நீங்களே படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டு, சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் அந்த ஊரில் எங்கள் அம்மா அப்பா மாதிரி ஆட்கள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். வேலை இல்லாமல் தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்ததாம். ஏழைகளும் வாங்குகிற விலையில் வீட்டுக்கு வீடு ரேடியோ வந்ததாம். ஃபேக்டரி ஆட்களைக் கப்பலில் ஏற்றிச் சுற்றுலா கூட்டிப்போனார்களாம். நாலு பிள்ளை பெற்ற தாய்க்கு மெடல், எட்டு பெற்றால் தங்க நிறத்தில் மெடல். பெண்கள் வேலைக்கு அலையாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கமே சொன்னதாம். எங்களுக்கு அந்த நாடு ரொம்பப் பிடித்துப்போனது.

அதற்கு ஜனங்கள் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார் மேடம். அவரே சொன்னார். தொழிலாளர் சங்கங்களை எல்லாம் இழுத்து மூடினார்கள். கூலி போதவில்லை என்று கூட்டமாகக் கேட்கக்கூடாது. வெளிநாட்டு ரேடியோ கேட்டால் ஜெயில். தெருவுக்குத் தெரு ஒரு கண்காணிப்பாளர், யார் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதி மேலே அனுப்புவார். மொத்தத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அது அப்படி ஒன்றும் பெரிய கஷ்டமாக எனக்குப் படவில்லை. நாங்கள் வகுப்பில் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் தினம். அதில் வைக்க ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மேஜை உண்டு. எங்கள் மேஜைக்காக மேடம் ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்தார். எல்லோரும் ஒரு வாரம் அந்தக் காலத்து ஜெர்மன்காரராக இருக்க வேண்டும், வீட்டையும் அந்த மாதிரி பார்த்து எழுதிக்கொண்டுவர வேண்டும். கையை நீட்டி வணக்கம் வைப்பது மட்டும் கூடாது, அதை விளையாட்டுக்குக்கூட அனுமதிக்க மாட்டேன் என்று கறாராகச் சொன்னார். சீட்டுக் குலுக்கினோம். கூழ் ஃபேக்டரி மேஸ்திரியின் மகளும் எங்கள் வகுப்புதான், அவளுக்கு ரொட்டிக் கடைக்காரி வந்தது. கடைசி பெஞ்ச் பையன் ஒருவனுக்கு யூதர் வந்தது. அந்தச் சீட்டின் கீழே, புதன்கிழமையிலிருந்து நீ வராண்டாவில் போய் உட்கார வேண்டும், யாரிடமும் பேசக்கூடாது என்று எழுதியிருந்ததாம். எனக்குத் தெருக் கண்காணிப்பாளர் வந்தது. தெய்வமே வந்து கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. பிறந்ததிலிருந்து நான் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்து உதை வாங்கியவள். இப்போது அதையே பாடமாக்கிவிட்டார்கள்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஆட்களின் சொந்தப் பெயரைப் போடாமல் ஜெர்மன் பெயர் போடச் சொல்லி மேடம் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு மார்த்தா. பக்கத்து வீட்டில் இருந்த சின்னம்மாவுக்கு, அதாவது அம்மாவின் சொந்தத் தங்கைக்கு, எல்சா. நைனாவுக்கு ஓட்டோ, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு வேறு என்ன வைக்க முடியும். தெருவில் மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பெயர். எனக்கே குழம்பிவிடக் கூடாது என்று கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, இந்தப் பெயர் இந்த ஆள் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன்.

முதல் சட்டம் டிவியில் போட்டேன். நாங்கள் ஆந்திராவில் இருப்பதால் தமிழ் சேனல் எல்லாம் வெளிநாட்டு நிலையம். அம்மா எட்டு மணி சீரியலைப் போட்டதும் மணியோடு எழுதினேன். நைனா தமிழ் காமெடி பார்த்துச் சிரித்ததை, எத்தனை தரம் சிரித்தார் என்பதுவரை எழுதினேன்.

"இன்னாடி எந்நேரமும் எழுதிக்கினே கீற?" என்றாள் அம்மா.

பாடம் என்றேன். அவளுக்கு அது போதும். அன்றிலிருந்து நான் நோட்டோடு உட்கார்ந்தால் என்னைத் தண்ணீர் கொண்டுவரக்கூடக் கூப்பிட மாட்டாள். எழுதுகிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணாதே என்று நைனாவைத்தான் குடத்தோடு அனுப்புவாள். சும்மா சொல்லக்கூடாது, உத்தியோகம் சுகமாகத்தான் இருந்தது.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் விசேஷம். அந்த ஊரில் குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒரே சட்டியில் ஒரே ஐட்டம்தான் சமைக்க வேண்டும், மிச்சமாகிற காசை வீடு வீடாக வந்து வாங்கிப்போவார்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். நம் வீட்டிலும் அப்படித்தான் என்று அறிவித்தேன். அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இல்லாமல் அடுப்பை அணைப்பதா, தெருவில் தலை காட்ட முடியுமா என்றாள். மார்க் போய்விடும் என்றேன். மார்க் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் யாரும் எதிர்ப் பேச்சுப் பேசியதில்லை. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாவற்றையும் பெரிய அலுமினியச் சட்டியில் ஒன்றாகப் போட்டு வேகவைத்தாள். நைனா ஒரு வாய் வைத்துவிட்டு, "இத்த துன்னுட்டா அவன் ஒலகத்தோட சண்டைக்குப் போனான்?" என்று எழுந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மெயின் ரோட்டில் பிரியாணி வாசனை இருக்கிற பக்கமாகத்தான் வண்டி போனது. அதையும் எழுதினேன்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் எந்த வீட்டிலிருந்து மசாலா வதங்குகிற வாசனை வரவில்லையோ, அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லையென்றால் சாவுச் செய்தி வந்திருக்கிறது என்று அர்த்தம். போய் விசாரிக்காமல் இருந்தால் பெரிய குற்றம். ஜெர்மன்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்காது. முதலில் சின்னம்மா ஓடிவந்தாள். "இன்னாக்கா, ஜொரமா?" என்று அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பின்னாலேயே எதிர்வீட்டுக்காரி. அப்புறம் ஒவ்வொருவராக, அம்மாவோடு ஃபேக்டரி வேனில் போகிற ஆறேழு பெண்கள் வந்துவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியாதே, சட்டியில் இருந்ததை எல்லோருக்கும் தட்டில் போட்டாள் அம்மா.

பிசைந்த சோற்றை வாயில் வைத்ததும்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. எதிர்வீட்டுக்காரி கையை உதறினாள். சோறு சூடாக இருந்ததால் விரல் எரிகிறது என்றாள். சீசன் முழுக்கப் பழம் அறுத்து, சாறும் காம்புப் பாலும் ஊறி அவர்கள் எல்லோருடைய விரல்களும் தோல் உரிந்து வெந்துபோயிருந்தன. அம்மாவும் கொஞ்ச நாளாகச் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாகரிகம் கற்றுக்கொள்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளவுஸ் கேட்டு இரண்டு தரம் போனார்களாம், மேஸ்திரி அடுத்த சீசன் பார்க்கலாம் என்று விரட்டிவிட்டாராம். அந்த மேஸ்திரிதான் ஆள் சேர்ப்பவர், வேன் அனுப்புபவர். எவர் பெயரைக் கூப்பிடுகிறாரோ அவருக்குத்தான் அன்றைக்கு வேலை.

அம்மா ஒரு யோசனை சொன்னாள். இந்த வாரம் வரத்துக் குறைச்சல். அடுத்த வாரப் புதன்கிழமை கிருஷ்ணகிரிப் பக்கத்து லோடும் சேர்ந்து வரும், லாரிகள் கேட் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கும். அன்றைக்குக் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிடுவோம். பழம் காத்திருக்காது, கிளவுஸ் மத்தியானத்துக்குள் வந்துவிடும். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. எதிர்வீட்டுக்காரியும் இன்னொருத்தியும் உடனே சரி என்றார்கள். சின்னம்மா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனுக்கு பயமா கீதுக்கா. நீங்க அல்லாம் வெச்சா நானும் வெக்கிறேன்" என்றாள்.

நான் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒருத்தி என்னைப் பார்த்து, பிள்ளை இருக்கிறாளே என்றாள். அம்மா பெருமையாகச் சிரித்தாள். அவள் படிக்கிறவள், நம் பேச்சு அவள் காதிலேயே ஏறாது என்றாள். மார்த்தா சொன்னது, எல்சா பயந்தது, எந்தக் கிழமை, எந்த நேரம், எல்லாம் அழகான தெலுங்கு எழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமையோடு விளையாட்டு முடிந்தது. இந்த வாரம் யாருக்கு நன்றாக இருந்தது என்று மேடம் கேட்டார். மொத்த வகுப்பும் கை தூக்கியது, என் கைதான் எல்லாவற்றையும்விட உயரம். மூன்று நாளாக வராண்டாவில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அவனை ஏன் அங்கே வைத்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா என்றார் அடுத்து. யாரும் கேட்கவில்லை. எனக்கு அவன் ஞாபகமே வரவில்லை, நோட்டு வேலை அவ்வளவு இருந்தது. மேடமே போய் அவனை உள்ளே கூட்டிவந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்.

சனிக்கிழமை பெற்றோர் தினம். எங்கள் மேஜையில் அட்டை ரேடியோ, காகித மெடல், நடுவில் என் நோட்டு. டிவி ரிப்போர்ட் இருந்த முதல் பக்கங்களைத்தான் மேடம் திருத்தியிருந்தார். மேலே சிவப்பு மையில் 'வெரி குட்' என்று போட்டிருந்தார். அம்மாவுக்கு ஷிப்ட், அதனால் அவள் வரவில்லை. மேஸ்திரி தன் மகளைப் பார்க்க வந்தார். ஒரு கையில் டீ, ஒரு கையில் செல்ஃபோன். நின்றபடியே நோட்டைக் கண்ணால் மேய்ந்தார். நான்தான் அவருக்காகப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். டிவி பக்கத்தில் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் டீ குடிக்காமல் நின்றுவிட்டார்.

"பாகா ராசாவம்மா" என்றார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று ஒரு பெரிய மனிதர், ஆள் கூப்பிடுகிற மேஸ்திரி, என்னிடம் சொல்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இந்த மார்த்தா யாரம்மா என்று தேன் ஒழுகக் கேட்டார். கேட்டுக்கொண்டு நிற்பானேன் என்று நானே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கோடு போட்ட பட்டியலை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். செல்ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். என் எழுத்து அவ்வளவு அழகாக இருக்கிறது என்பதற்காக எடுக்கிறார் என்று நினைத்து, நோட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. அம்மா டிபன் டப்பாவோடு தெருமுனையில் நின்றாள். மேஸ்திரி பெயர்களை வாசித்தார். அம்மா பெயர் வரவில்லை. எதிர்வீட்டுக்காரி பெயரும் இன்னொருத்தி பெயரும் வரவில்லை. சின்னம்மாவைக் கூப்பிட்டார். சின்னம்மா ஏறுவதா வேண்டாமா என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று, அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறிவிட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து, அந்தச் சோற்றை எனக்கே போட்டாள். இன்றைக்கு லீவு என்றாள்.

லீவு பதினைந்து நாள் நீடித்தது, சீசனே முடிந்துவிட்டது. அந்தப் பதினைந்து நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வீட்டில் இருப்பாள். சுடச்சுட வடை தட்டித் தருவாள். அவள் விரல்களில் புதுத்தோல் வந்துவிட்டது. சிக்கெடுத்து எண்ணெய் தேய்த்து இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். அதற்கு முன் நான் தலையை நானே வாரிக்கொண்டு, கோணல் வகிடோடு போகிறவள். பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்ன அந்த ஜெர்மன் அரசாங்கம் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை என்றுகூட நினைத்தேன். பரீட்சையில் அதையே எழுதினேன். மேடம் அந்த வரியின் கீழே அடிக்கோடு போட்டு, ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்திருந்தார்.

அந்தப் புதன்கிழமை யாரும் கத்தியைக் கீழே வைக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். லாரிகள் வந்தன, பழம் அறுபட்டது. நைனா திருப்பதிக்கும் வடமாலபேட்டைக்கும் கூடுதல் சவாரி ஓட்டினார். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அம்மாவும் சின்னம்மாவும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சின்னம்மா வேனை விட்டு இறங்கி எங்கள் வாசலைத் தாண்டும்போது நடை மெதுவாகும், அம்மா சட்டென்று உள்ளே போய்விடுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தட்டிக் கதவை அம்மா கயிறு போட்டுக் கட்டினாள். கூடப் பிறந்தவளே போட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நைனாவிடம் ஒருநாள் அழுதது காதில் விழுந்தது. கொடுத்தது ஏதோ பாத்திரம்போல இருக்கிறது, திருப்பித் தரவில்லைபோல என்று நானே முடிவுபண்ணிக்கொண்டேன்.

நோட்டு ஆபீஸ் ரூமிலேயே மாட்டிக்கொண்டு, சீசன் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. முதல் பரிசு. அட்டையில் ஒரு ஸ்டார் ஒட்டியிருந்தது. அன்று சாயங்காலம் அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் பிள்ளை என்ன எழுதிப் பரிசு வாங்கினாள், படித்துக் காட்டு என்று நைனாவை வற்புறுத்தி உட்காரவைத்தாள். நைனா தெலுங்கைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். டிவி ரிப்போர்ட்டுக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரியாணிப் பக்கம் வந்தபோது அம்மா கீரைத் தண்டால் அவரை அடித்தாள். எனக்கு அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்த நாள் வேறு ஞாபகமில்லை.

அதற்கடுத்து, பெண்கள் வந்து சாப்பிட்ட பக்கத்தில் நைனா சத்தமாகப் படிப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே படித்தார்.

"அப்பறம்?" என்றாள் அம்மா.

"அப்பறம் ஒண்ணும் இல்ல. சமையல் பத்தி எழுதிகீது" என்று பக்கத்தைத் திருப்பினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரே வரியில் சமையல் என்கிறாரே. "நீ தப்பா படிக்கிற நைனா" என்று நோட்டைப் பிடுங்கினேன். எழுந்து நின்று, வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி கணீரென்று நானே தமிழில் படித்தேன். மார்த்தா சொன்ன யோசனை. புதன்கிழமை. லாரி வரிசை. எல்சாவுக்குப் பயம். மார்த்தா என்றால் நீதான் அம்மா, எல்சா என்றால் சின்னம்மா என்று கடைசிப் பக்கத்தைக் காட்டி விளக்கமும் கொடுத்தேன். மேஸ்திரிக்கு இந்தப் பக்கம்தான் ரொம்பப் பிடித்தது, படம்கூடப் பிடித்துக்கொண்டு போனார் என்றேன்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீரை அவள் கையில் அப்படியே நின்றது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லா கீது கண்ணு" என்றாள். என் பின்னலை முன்னால் எடுத்துப்போட்டாள். "ஒண்ணியும் வுடாம எழுதிகீற."

மேடம்கூட அப்படிப் பாராட்டியதில்லை. நான் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அம்மா எழுந்து, ஆய்ந்த கீரையில் பாதியைக் கிண்ணத்தில் அள்ளினாள். தட்டிக் கதவண்டை போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகிப்போயிருந்தது, அவிழவில்லை. பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடி பண்ணிக்கினு கீற?" என்று தங்கையைக் கூப்பிட்டபடி அந்தப் பக்கம் போனாள்.

கீரை அன்றைக்கு நிறைய இருந்தது. வாடிப்போய்விடும் என்றுதான் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.